பரணில் இருந்த நீல இஞ்சின்



இது கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படித்துவிட்டு லைக் போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் அவர்கள் அப்படித்தான். இதை மட்டும் கடைசி வரை படியுங்கள். ஒரு பழைய பொம்மை ரயில் இஞ்சினை அடையாளம் கண்டு விலை சொல்லும்படி என்னிடம் கேட்டார்கள். சொன்னேன். நடுவில் என் குட்டு ஒன்று வெளிப்பட்டது. அதையும் சேர்த்துத்தான் எழுதப் போகிறேன். சம்பந்தப்பட்ட அண்ணன் தங்கை இருவரிடமும் கேட்டுவிட்டேன். "எழுதுங்க சார், பேர் மட்டும் வேணாம்" என்றார்கள்.

போன மாதம் ஒரு நாள் காலை, தினமும் போல ஸ்டேஷன் ரோடு வரை நடந்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். பழைய மாணவி ஒருத்தி வந்தாள். தொண்ணூறுகளில் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவள், இப்போது ஓசூரில் இருக்கிறாள். கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் பழைய வேட்டித் துணி. துணிக்குள் ஒரு ரயில் இஞ்சின்.

"சார், இது எங்க தாத்தாவுக்கு வெள்ளைக்காரங்க குடுத்தது. யூடியூபுல பாத்தேன், இந்த மாதிரி பழைய இஞ்சின் லட்சக்கணக்குல போகுதாம். பொண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும். நீங்கதான் இதையெல்லாம் ஆராய்ச்சி பண்ணிக்கினு இருக்கீங்களே, என்ன வெலைக்குப் போகும்னு சொல்லுங்க."

நான் எதுவும் சொல்வதற்கு முன்பே இன்னொன்றும் சொன்னாள். "இதுல எங்க அண்ணனுக்குப் பங்கு கெடையாது சார். சின்ன வயசுல இதுக்குக் கறுப்பு பெயின்ட் அடிச்சு நாசம் பண்ணதே அவன்தான். அப்பா இருந்த வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டாரு."

அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசுவதில்லை. நிலம், வீடு என்று ஆரம்பித்த சண்டை, கடைசியில் பரணில் இருந்த பொம்மையில் வந்து நின்றிருக்கிறது. அண்ணனும் என் மாணவன்தான். நம்ம ஊர் தக்காளி மண்டியில் கமிஷன் கடையில் இருக்கிறான். வாரம் ஒரு முறையாவது எனக்கு வணக்கம் சொல்லாமல் போகமாட்டான்.

இயற்பியல் வாத்தியாருக்குப் பொம்மை ரயில் எப்படிப் பழக்கம் என்று புதிதாக வந்த மருமகன்கள் கேட்கலாம். என் தாத்தா ஒரு ரயில் கதை சொல்வார். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ல் ஒரு சின்ன ரயில் வந்ததாம். 1913-ல் அதை நம்ம பாலக்கோடு வழியாக ஓசூர் வரைக்கும் நீட்டினார்களாம். தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். இரண்டாம் உலகப் போர் காலத்தில் அதை நிறுத்தி, தண்டவாளத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு நான் பையனாக இருந்தபோது சேலம் பெங்களூர் மீட்டர்கேஜ் வந்தது. தொண்ணூறுகளில் அதை அகலப் பாதையாக மாற்றினார்கள். ஒரே ஊர் மூன்று அகலத்தில் ரயிலைப் பார்த்திருக்கிறது. "கேஜ்" என்ற சொல் எனக்குப் பாடப்புத்தகத்துக்கு முன்பே தெரியும்.

2018-ல் இங்கிலாந்தில் மகள் வீட்டில் நான்கு மாதம் இருந்தேன். அப்போதுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் பெரிய கூடங்களில் பழைய பொம்மைச் சந்தை நடக்கும். மேஜை மேஜையாக இஞ்சின்கள். முதல் சந்தையிலேயே அறுபது பவுன் கொடுத்து ஒரு பச்சை இஞ்சின் வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்த பெயரும் இஞ்சினில் இருந்த பெயரும் ஒன்றுதான், அதனால் ஏமாறவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த மேஜைப் பெரியவர் அதை வாங்கி, தலைகீழாகத் திருப்பி ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். பின்னால் இருந்த கரிப்பெட்டி வேறு ஒரு இஞ்சினுடையது. அதற்குப் பச்சை அடித்து ஜோடி சேர்த்திருக்கிறார்கள். மேலே இருப்பதை விற்கிறவன் காட்டுவான், நீ அடியைப் பார் என்றார் அவர். அறுபது பவுன் கொடுத்து நான் வாங்கிய பாடம் அது.

சரி, நம்ம இஞ்சினுக்கு வருவோம்.

முதலில் அது எப்படி அவர்கள் குடும்பத்துக்கு வந்தது என்று கேட்டேன். பழைய பொருளுக்கு அதன் கதையும் ஒரு சாட்சி. ஆனால் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் நம்பக் கூடாது. இவள் தாத்தா கோலார் தங்கவயலில் ஒரு துரை பங்களாவில் சமையல்காரர். நம்ம தருமபுரிப் பக்கத்திலிருந்தும், வடஆர்க்காட்டிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் அங்கே பிழைக்கப் போனது உங்களுக்குத் தெரியும். சுரங்கங்களை ஜான் டெய்லர் கம்பெனி நடத்தியது. 1956-ல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது. அதையொட்டித் துரை குடும்பம் சீமைக்குக் கிளம்பியபோது, அவர்கள் பையனின் இஞ்சினையும் நான்கு துண்டு தண்டவாளத்தையும் "உன் மகனுக்கு வைத்துக்கொள்" என்று கொடுத்தார்களாம். அந்த மகன்தான் இவள் அப்பா. அப்போது அவருக்குப் பத்து வயது.

மின்சாரத்தில் ஓடும் பொம்மை அந்தக் காலத்தில் தங்கவயல் பங்களாவில் இருந்ததில் ஆச்சரியம் இல்லை. சிவசமுத்திரத்தில் காவிரியிலிருந்து எடுத்த மின்சாரம் 1902-லேயே தங்கவயலுக்குப் போய்விட்டது. நம்ம வீடுகளில் அரிக்கேன் விளக்கு எரிந்த காலத்தில் அங்கே பொம்மை ரயில் ஓடியிருக்கிறது. கதை நம்பும்படியாக இருந்தது. அதோடு ஒரு கணக்கும் கிடைத்தது: இந்த இஞ்சின் 1956-க்குப் பிறகு செய்ததாக இருக்க முடியாது.

அடுத்தது அளவு. வெர்னியர் காலிபர் இன்னும் என் மேஜை அறையில்தான் இருக்கிறது. "முதன்மை அளவு, வெர்னியர் ஒன்றிப்பு" என்று நான் கத்தியது பலருக்குக் கனவில் வந்திருக்கும். தண்டவாளத்தின் உள் அகலம் 16.5 மில்லிமீட்டர் வந்தது. இது பொம்மை ரயில் உலகத்தில் மிகவும் பரவலான அகலம். உண்மை ரயிலில் ஓர் அடி, பொம்மையில் நான்கு மில்லிமீட்டர் என்பது ஆங்கிலேயர் கணக்கு. அதாவது 76-ல் ஒரு பங்கு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஓர் அடிக்கு மூன்றரை மில்லிமீட்டர், 87-ல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் இரண்டுக்கும் ஒன்றேதான். அதனால் தண்டவாளத்தை மட்டும் அளந்து நாட்டைச் சொல்லிவிட முடியாது. இஞ்சினின் உடலையும் அளக்க வேண்டும். கரிப்பெட்டியோடு சேர்த்து இது கிட்டத்தட்ட ஓர் அடி நீளம் இருந்தது. ஆங்கிலேயர் கணக்குக்கு ஒத்து வந்தது.

மூன்றாவது, தண்டவாளம். தகரத் தகட்டின்மேல் இரண்டு தண்டவாளம், நடுவில் மூன்றாவதாக ஒன்று. நடுத் தண்டவாளத்தில் மின்சாரம் வரும். இஞ்சினின் அடியில் இருக்கும் தகடு அதை உரசி எடுத்துக்கொள்ளும். சக்கரங்கள் வழியாக மின்சாரம் வெளித் தண்டவாளங்களுக்குத் திரும்பும். துருவைத் தாண்டித் தகட்டில் எழுத்து தெரிந்தது: ஹார்ன்பி டப்ளோ.

மெக்கானோ என்று ஓட்டை போட்ட இரும்புப் பட்டைகளை நட்டு போல்ட் வைத்து மாட்டி விளையாடும் சாமான் உண்டல்லவா, அதை உண்டாக்கியவர் ஃபிராங்க் ஹார்ன்பி. லிவர்பூல்காரர். 1901-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1920-ல் சாவி கொடுத்து ஓட்டும் ரயில்கள் செய்ய ஆரம்பித்தார். அவர் 1936-ல் இறந்த பிறகு, 1938-ல் அந்தக் கம்பெனி கொண்டுவந்த சின்ன அளவு ரயில்தான் டப்ளோ. இங்கே ஒரு எச்சரிக்கை. "ஹார்ன்பி" என்று பெயர் போட்டிருந்தாலே பழசு என்று நினைத்துவிடாதீர்கள். 1964-ல் அந்தக் கம்பெனி வேறு கைக்குப் போனது. பெயர் மட்டும் நிலைத்தது. இன்றைக்கும் புதுப் பெட்டிகளில் அதே பெயர் இருக்கிறது. பெயரை வைத்துக் காலம் சொல்வது, இனிஷியலை வைத்து வயதைச் சொல்வது போல.

நான்காவது, இது எந்த இஞ்சின்? முன்பக்கம் ஆப்பு போலச் சரிந்த மூக்கு. "புல்லட் ரயில் மாதிரி இருக்குல்ல சார்" என்றாள். காற்றைக் கிழித்துப் போவதற்கான அந்த வடிவம் இங்கிலாந்தின் ஏ4 வகை. வடிவமைத்தவர் சர் நைஜல் கிரெஸ்லி. இதே வகையைச் சேர்ந்த மல்லார்ட் என்ற இஞ்சின் 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல், அதாவது 203 கிலோமீட்டர் வேகம் போனது. நீராவி இஞ்சினில் அதுதான் உலக சாதனை. யார்க் அருங்காட்சியகத்தில் மல்லார்டைத் தொட்டுப் பார்க்கும் தூரத்தில் நின்றிருக்கிறேன். என் மகள் எடுத்த போட்டோவை முன்பே இங்கே போட்டிருந்தேன்.

டப்ளோவில் 1938-ல் முதன்முதலாக வந்த இஞ்சின்களில் இந்த வகையும் ஒன்று. அதற்குக் கிரெஸ்லியின் பெயரையே வைத்தார்கள். இங்கேதான் விலையைத் தீர்மானிக்கும் கேள்வி வருகிறது. போருக்கு முன் செய்ததா, பின் செய்ததா? முன் செய்தது குறைவு, அதனால் விலை கூடுதல். எண்ணைப் பார்த்தாலே பளிச்சென்று தெரியும். முன் செய்ததில் 4498. உண்மை ரயில்களுக்கு 1946-ல் எண் மாற்றினார்கள், 4498 வெறும் 7 ஆனது. பொம்மையும் அதன்படியே மாறியது. ஆனால் நம்ம இஞ்சினில் எண்ணும் இல்லை, பெயரும் இல்லை. எல்லாவற்றையும் கறுப்பு எனாமல் பெயின்ட் மூடியிருந்தது.

அப்படியானால் சக்கரத்தைப் பார்க்க வேண்டும். முதலில் வந்த ஏ4 இஞ்சின்களில் சக்கரங்களின் மேற்பாதியை மூடும்படி பக்கவாட்டில் ஒரு தகடு, பாவாடை போலத் தொங்கும். போர்க் காலத்தில், பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். போருக்குப் பின் வந்த பொம்மையிலும் அது இல்லை. நம்ம இஞ்சினில் சக்கரங்கள் முழுசாகத் தெரிந்தன. ஆக, போருக்குப் பின்.

இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி. இதே வார்ப்பில் 1953-க்குப் பிறகு "சில்வர் கிங்" என்று பச்சை நிறத்தில் ஒன்று வந்தது. கிரெஸ்லி நீலம், சில்வர் கிங் பச்சை. டார்ச் அடித்து, பிரஷ் நுழையாத இடுக்கில் பார்த்தேன். சக்கரத்துக்கு மேலே, உள்ளே, ஒரு விரல் நகம் அளவுக்கு நீலம். மயில் கழுத்து நீலம் அல்ல, பழைய இங்க் பாட்டில் நீலம். எழுபது வருடமாக வெளிச்சம் படாமல் அப்படியே இருந்தது. கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. இது சர் நைஜல் கிரெஸ்லி, எண் 7, போருக்குப் பின் செய்தது.

ஐந்தாவது, உடல்நிலை. இந்த இஞ்சின்களின் மேல்கூடு துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தது. கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் வருடங்கள் போகப் போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் போல உதிரும். போருக்கு முன் செய்த பலவற்றுக்கு இந்த நோய் உண்டு. மருந்து கிடையாது. நம்மது விரிசல் இல்லாமல், வளைவு இல்லாமல் திடமாக இருந்தது. எனக்கே சந்தோஷம்.

அப்புறம் யார்க்ஷயர் பெரியவர் சொன்னபடி அடியைப் பார்க்கத் திருப்பினேன். இஞ்சினின் அடி சுத்தம். கரிப்பெட்டியைத் திருப்பினேன்.

அடித்தகட்டில் காம்பஸ் முள்ளால் கீறிய எழுத்து. "9-ஆ. 1988. காட்சி 4."

அது என் கையெழுத்து.

பிள்ளைகளே, என் "9" எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். வால் நீட்டிக்கொண்டு இருக்கும், பலர் அதைக் கிண்டல் செய்திருக்கிறீர்கள். அந்த வாலைப் பார்த்தவுடன் எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. 1988 அறிவியல் கண்காட்சி. மின்மோட்டார் வேலை செய்யும் விதம் என்று ஒரு காட்சி. ஒல்லியான பையன் ஒருவன் துணியில் சுற்றி ஒரு இஞ்சின் கொண்டுவந்தான். சி.இ.ஓ. வருகிறார் என்று பள்ளிக்கூடமே பரபரப்பாக இருந்தது. இஞ்சின் பெயின்ட் உரிந்து அழுக்காக இருந்தது. "இப்படியாடா வைப்பாங்க" என்று நான்தான் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்தேன். நான்தான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பெஞ்சுக் கால்களுக்கு அடித்து மிச்சமிருந்த கறுப்பு எனாமலை நான்தான் இரண்டு கோட் அடித்தேன். பிறகு காணாமல் போகக் கூடாது என்று கீறியும் வைத்தேன். முதல் பரிசு கிடைத்தது. ஒரு டிபன் பாக்ஸ்.

அதற்குப் பிறகு அந்த இஞ்சின் என்ன ஆனது என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

எதிரே அந்தப் பெண் காபி குடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரிப்பெட்டியை மெதுவாகத் திருப்பி வைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அரை நிமிடம் பேசாமல் இருந்தேன். அந்த அரை நிமிடத்தில் என் மனசு போட்ட கணக்கு இதுதான்: அடியில் இருப்பதை அவள் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அது யார் எழுத்து என்று அவளுக்குத் தெரியாது. "பெயின்ட் அடித்ததால் விலை குறையும்" என்று மட்டும் சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை.

முப்பத்துமூன்று வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு இப்படி ஒரு கணக்கு வரக் கூடாது. வந்தது.

"அம்மா, உங்க அண்ணன் பெயின்ட் அடிச்சதா யார் சொன்னது?" என்று கேட்டேன்.

"அவனே ஒத்துக்கினான் சார். அப்பா பெல்ட்டால வெளுத்துட்டாரு. ரெண்டு நாள் பள்ளிக்கூடம் போகல. எனக்கு அப்போ பத்து வயசு, நல்லா ஞாபகம் இருக்கு."

கரிப்பெட்டியைத் திருப்பி அவளிடம் காட்டினேன். "இதை நான் எழுதினேன். பெயின்ட்டும் நான் அடிச்சதுதான். உங்க அண்ணன் இல்ல" என்றேன்.

அவள் வெகுநேரம் அந்த எழுத்தையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். "அப்போ அவன் ஏன் சார் சொல்லல?" என்று மட்டும் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

சாயந்திரம் மண்டிக்குப் போனேன். கிரேடு கிரேடாகத் தக்காளி. அன்றைக்கு விலை விழுந்த நாள், யாரும் சிரித்த முகமாக இல்லை. அவனைத் தனியாக ஓரம் அழைத்துக் கேட்டேன். முதலில் மழுப்பினான். பிறகு சொன்னான்.

"நீங்க ஆசையா அடிச்சீங்க சார். ப்ரைஸ் வாங்குனப்போ என் தோள்மேல கை போட்டீங்க. நீங்கதான் அடிச்சதுன்னு சொன்னா அப்பா நேரா பள்ளிக்கூடத்துக்கு வந்து உங்கள எல்லார் எதிர்லயும் கேட்டுடுவாரு. அதான் நானே அடிச்சேன்னுட்டேன். அப்புறம் அதையே எல்லாரும் சொல்லிக்கினு இருந்தாங்க. வருஷம் போயிடுச்சு, அப்புறம் என்னத்த சொல்றது."

முப்பத்தேழு வருடம். ஒரு பதினான்கு வயதுப் பையன் எனக்காக அடி வாங்கியிருக்கிறான். வாரம் ஒரு முறை எனக்கு வணக்கமும் வைத்திருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்கு வரச் சொன்னேன். விலை சொல்வதென்றால் இருவர் முன்னாலும் சொல்ல வேண்டும். தங்கை ஓசூரிலிருந்து மகளையும் கூட்டிக்கொண்டு வந்தாள். அண்ணன் திண்ணையிலேயே உட்கார்ந்துகொண்டான். என் மனைவி இருவருக்கும் ஒரே தட்டில் முறுக்கை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

முதலில் ஓடுகிறதா என்று பார்த்தோம். கம்யூட்டேட்டரில் இருந்த கரியை மட்டும் பஞ்சால் தொட்டு எடுத்தேன். கார்பன் பிரஷ் தேயவில்லை. ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய். பன்னிரண்டு வோல்ட் பைக் பேட்டரி, ஒரு ஒயர் நடுத் தண்டவாளத்துக்கு, இன்னொன்று வெளித் தண்டவாளத்துக்கு. முதலில் சும்மா முனகியது. விரலால் சக்கரத்தைக் கொஞ்சம் தள்ளிவிட்டேன். கிர்ரென்று கிளம்பி, நான்கு துண்டு தண்டவாளத்தையும் தாண்டி வெளியே வந்து முறுக்குத் தட்டில் இடித்து நின்றது. ஆனால் ஒரு பெட்டியை இழுக்க அதற்குத் தெம்பு இருக்காது. காந்தம் பலம் இழந்திருக்கிறது. காந்தம் பலம் குறைந்தால் மோட்டார் சும்மா ஓடும்போது வேகமாகச் சுற்றும், மின்சாரத்தையும் அதிகம் குடிக்கும், இழுவை மட்டும் வராது. ஏன் என்று பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் படித்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். எதிர் மின்னியக்கு விசையை மறந்துவிட வேண்டாம்.

பிறகு விலை. "லட்சம்" என்ற சொல்லை முதலில் எடுத்துப் போட்டேன். யூடியூபில் காட்டுவது கேட்கிற விலை. கேட்கிறவன் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். மண்டிக்காரனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "ஏலம் முடிஞ்ச வெலதான் வெல" என்று அவனே சொன்னான். ஏலம் முடிந்த விலைகளை நான் தேடிப் பார்த்திருந்தேன். போருக்குப் பின் செய்த இதே இஞ்சின், பெட்டி இல்லாமல், சொந்த நீல நிறத்தோடு, பெரும்பாலும் 100 பவுனுக்குள்தான் முடிந்திருந்தது. அந்தக் காலத்தில் நிறைய செய்தார்கள், நிறைய மிச்சம் இருக்கிறது. பழசு என்பதால் மட்டும் ஒரு பொருள் அரிதாகிவிடாது. அதன் சொந்தப் பெட்டி நல்ல நிலையில் இருந்தால் கூடக் கிடைக்கும், பெட்டி நம்மிடம் இல்லை. வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கிலாந்தில் இருக்கிறார்கள். இவ்வளவு கனமான சாமானை அனுப்பும் செலவு வேறு.

மேலே வேறு பெயின்ட் அடித்திருந்தால் பாதிக்கும் கீழே போய்விடும். சேகரிக்கிறவர்களுக்கு உரிந்த பெயின்ட் குறை இல்லை. உரிந்தாலும் அது தொழிற்சாலையில் அடித்தது, ஒரு குழந்தையின் கை பட்டுத் தேய்ந்தது. அதன் மேல் இன்னொருவன் அடித்த புது பெயின்ட்தான் பெரிய குறை. கறுப்பைச் சுரண்டி எடுத்தாலும் கீழே நீலம் முழுசாகக் கிடைக்காது. அதை உப்புத்தாள் போட்டு எடுத்தது யார் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். நீல நிறத்தோடு இருந்திருந்தால் சுமார் ஒன்பதாயிரம் ரூபாய். இப்போது மூவாயிரத்து ஐந்நூறு. வித்தியாசம் ஐயாயிரத்து ஐந்நூறு. "இது என்னால் வந்த நஷ்டம்" என்று சொல்லி, கவரில் போட்டு வைத்திருந்த பணத்தைத் தங்கையிடம் நீட்டினேன்.

"ஐயோ சார், வேணாம்" என்று அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேஜைமேல் வைத்தேன். யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் எழுந்து வந்து கவரை எடுத்தான். நேராகத் தங்கை மகளிடம் போய், "இந்தா பாப்பா, தாய்மாமன் குடுத்ததா வெச்சுக்க. ஃபீஸுக்கு" என்று கையில் திணித்தான்.

"ஏன்டா, என் பணத்தை எடுத்து நீ மாமன் முறை செய்யறியா?" என்றேன்.

"அடி வாங்குனது நான்தானே சார்" என்றான்.

தங்கைதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நிலப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. அதை ஒரு பொம்மை தீர்த்துவைக்காது. கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கியில் கல்விக் கடன் கேட்டிருக்கிறார்கள். ஆனால் இருவரும் போனில் பேசிக்கொள்கிறார்கள். இஞ்சினை விற்கவில்லை. மூவாயிரத்து ஐந்நூறுக்கு விற்க இருவருக்கும் மனசில்லை. அண்ணன் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. கரிப்பெட்டியைக் கவிழ்த்து, என் கையெழுத்து தெரியும்படி வைத்திருக்கிறான், பாவி.

கடைசியாக, உங்களுக்குப் பயன்படும்படி சில வரிகள். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம், ரயிலாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இறக்கியவுடன் துடைக்காதீர்கள், கழுவாதீர்கள், பளபளப்பாக்காதீர்கள். வந்த கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, தேதி போட்டு எழுதி வையுங்கள். அளவெடுங்கள். திருப்பி அடியைப் பாருங்கள். பெட்டி கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். கேட்கிற விலையை விட்டுவிட்டு விற்ற விலையைத் தேடுங்கள். கெடுத்தது யார் என்று அடித்துப் பேசுவதற்கு முன்னால், அதை யார் யார் கை தொட்டது என்று ஒரு முறை விசாரியுங்கள்.

படம் எடுத்து எனக்கு அனுப்பினால் தெரிந்ததைச் சொல்கிறேன். 1982-க்கும் 2015-க்கும் நடுவில் அது நம்ம பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வந்திருந்தால், அடிப்பக்கத்தையும் சேர்த்தே படம் எடுத்து அனுப்புங்கள். நான் பார்க்க வேண்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்